மதன் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒபதியா கிரிக்ஸ் நடத்திய இலக்கண வகுப்பு

1868-இல் செத்துப்போன இங்கிலீஷ் இலக்கண வாத்தியார் ஒபதியா கிரிக்ஸ், அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து மான்மவுத் ஜங்ஷனில் மதன் வீட்டு பேஸ்மென்ட்டில், 2022 செப்டம்பர் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தார். அதற்கு முந்தின வாரம்தான் அந்த பேஸ்மென்ட்டுக்குச் சுவர் வைத்து, கார்ப்பெட் போட்டு, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து முடித்திருந்தார்கள். அங்கே ப்ரொஜெக்டர் மாட்டி, எட்டு சாய்வு நாற்காலி போட்டு, தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுப் படம் காட்ட வேண்டும் என்பது மதனின் ஆசை. அதற்குள் கார்ப்பெட்டைத் துளைத்துக்கொண்டு ஆறு பைன் மர பெஞ்சுகளும், மைக்கறை படிந்த மேஜை ஒன்றும், புகைக்குழாய் இல்லாத இரும்பு அடுப்பு ஒன்றும் முளைத்துவிட்டன. தரையில் குறுக்காக ஒரு சாக்பீஸ் கோடு. வாக்யூம் போட்டும் அது போகவில்லை, ஷாம்பூ போட்டும் போகவில்லை. கட்டுமான வேலையின் கடைசிப் பரிசோதனைக்கு வந்த டவுன்ஷிப் இன்ஸ்பெக்டர் பெஞ்சுகளை அசைத்துப் பார்த்தார், அசையவில்லை, ‘தரையோடு பொருத்திய இருக்கைகள்’ என்று குறித்துக்கொண்டார். மேஜைக்குப் பின்னால் நின்றவருக்கு வணக்கம் சொன்னார். புகை அலாரத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

கிரிக்ஸ் உயிரோடு இருந்த காலத்தில் அந்த இடம் உருளைக்கிழங்கு வயல். வயலோரத்தில் ஒரே அறை கொண்ட பள்ளிக்கூடம். அதில் முப்பத்தோரு வருஷம் அவர் இங்கிலீஷ் இலக்கணம் நடத்தினார். நடத்தினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. இருநூறு விதிகள் கொண்ட அட்டை இல்லாத புத்தகம் ஒன்று வைத்திருந்தார். பிள்ளைகள் சாக்பீஸ் கோட்டில் கால் கட்டைவிரல் பதிய நின்று, அந்த விதிகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்க வேண்டும். அர்த்தம் கேட்கக் கூடாது. பிறகு ஒரு வாக்கியத்தைக் கொடுப்பார். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் தனியே பிடித்து நிறுத்தி, அது என்ன வகை, ஒருமையா பன்மையா, யாருக்கு அடங்கினது, யாரை அடக்குவது என்று சொல்ல வேண்டும். நம்மவர்களுக்கு இந்தப் பாடம் ஏன் அவ்வளவு சுலபமாகப் பிடித்துப்போனது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மூன்றாவதாக, வேண்டுமென்றே தப்பாக எழுதின வாக்கியங்களைக் கரும்பலகையில் போட்டுத் திருத்தச் சொல்வார். சரியாகச் சொன்னவன் வரிசையில் ஓர் இடம் முன்னே போவான். தப்பாகச் சொன்னவனுக்கு உள்ளங்கையில் ரூல்தடி, அதோடு கடைசி பெஞ்சின் கோடி. இந்தப் படிப்பால் அந்த வட்டாரத்தில் ஒரு ஆள் நன்றாகப் பேசினதாகவோ எழுதினதாகவோ எங்கேயும் தகவல் இல்லை.

நியூ ஜெர்சியில் வாத்தியார்கள் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 1867-இலேயே சட்டம் வந்துவிட்டது. கிரிக்ஸ் அந்தச் சட்டத்தைத் தனக்கு இழைத்த துரோகமாகவே எடுத்துக்கொண்டார். ஒரு குளிர்காலம் முழுக்க ரூல்தடியை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறு வருஷம் வயிற்றெரிச்சலில் செத்தார். டாக்டர் எழுதினது வேறு ஏதோ காய்ச்சல்.

இப்போது மறுபடி வந்தவரும் அதே ஆள்தான். பச்சை பாய்ந்த கறுப்புக் கோட்டு, ஈரக் கம்பளி வாடை, இடுப்புக்குக் கீழே கொஞ்சம் மெல்லிசு. மேஜைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றால் முழங்கால் வழியாக வாட்டர் ஹீட்டர் தெரியும். முதல் நாள் மதனின் ஒன்பது வயது மகள் கயலும், பக்கத்துத் தெரு தீக்ஷாவும் கீழே விளையாடப் போனார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து மேலே வந்து முதல் நான்கு விதிகளை ஒப்பித்தார்கள். அவர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. உங்கள் பெயர்களை என் நாக்கு தொடாது என்று முதல் நாளே அறிவித்துவிட்டு, நிற்கும் இடத்தின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார். உருளைக்கிழங்கு விவசாயிகளின் பிள்ளைகளையும் இப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது. வெறுப்பில் அவர் பாரபட்சம் பார்த்ததே இல்லை.

கயலின் அம்மா வான்மதி துணி துவைக்கக் கீழே போனபோதுதான் அவரைப் பார்த்தாள். வான்மதி கோபிச்செட்டிபாளையத்துக்காரி. தமிழ் மீடியத்தில் படித்துக் கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கினவள். மதனின் விசாவில் ஒட்டிக்கொண்டு பதினோரு வருஷத்துக்கு முன் வந்தவள், வேலை பார்க்க அனுமதி இல்லை. அவளுடைய இங்கிலீஷ் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு முதல் தடவையிலேயே லைசென்ஸ் எடுத்தாள், ரூஃப் போட வந்தவனிடம் சண்டை போட்டு வேலையைத் திரும்பச் செய்யவைத்தாள், பிரசவத்தின்போது மயக்க ஊசி வேண்டாம் என்றாள், அவர்களும் போடவில்லை. கோட்டு போட்ட கிழவரைப் பார்த்ததும் துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு மேலே ஓடி வந்து புருஷனிடம் சொன்னாள்.

“ஏனுங்க, கீழ ஒரு செத்துப்போன ஆளு புள்ளைங்களுக்குக் கிளாஸ் எடுத்துட்டிருக்கறாருங்க.”

மதன் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், “என்ன கிளாஸ்?” என்று கேட்டான்.

“இங்கிலீஷ் கிராமர் போலிருக்குதுங்க.”

மதன் லேப்டாப்பை மூடினான். “கிராமரா? யாரு அனுப்புனாங்க? ஃபீஸ் எவ்வளவாம்?”

இவைதான் ஒரு தமிழ்க் குடும்பத்தலைவன் பேயைப் பற்றிக் கேட்ட முதல் நான்கு கேள்விகள். வரலாற்றில் பதிவாக வேண்டும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

தீக்ஷாவின் அம்மா ருக்மிணிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நங்கநல்லூர்க்காரி. மான்மவுத் ஜங்ஷனிலிருந்து வெஸ்ட் வின்ட்சர் வரை எந்த வகுப்பில் எத்தனை இடம் காலி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். மறுநாள் காலையிலேயே வாசலில் நின்றாள்.

“வான்மதி, உங்க பேஸ்மென்ட்ல ஒரு சார் கிளாஸ் எடுக்கறாராமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா. எத்தனை சீட் இருக்கு?”

“அவரு செத்தவருங்க.”

“தெரியும், தீக்ஷா சொன்னா. அதனால ஸ்னோ டே, சிக் டேன்னு கேன்சல் பண்ணாம டெய்லி வருவார் இல்ல? இங்க ஸ்கூல்ல கிராமரே சொல்லித் தரதில்லங்க. ஃபீலிங்ஸ் எழுதுன்னு சொல்றாங்க. நம்ம பசங்களுக்கு என்ன ஃபீலிங்ஸ் இருக்கு?”

அந்த வாரக் கடைசிக்குள் வாட்ஸ்அப் குழு வந்துவிட்டது. இரண்டாவது வாரம் நாற்பது பிள்ளைகள். மூன்றாவது வாரம் காத்திருப்போர் பட்டியல். ரிச்சர்ட்சனிலிருந்து ஒருவர், டெக்சாஸில் இருக்கிறோம், ஜூமில் சேர்த்துக்கொள்வாரா என்று கேட்டிருந்தார். தினமும் நாலரை மணிக்கு வான்மதி வீட்டுப் பக்கவாசலில் நாற்பது ஜோடி செருப்பு கிடக்கும். டிரைவ்வேயில் கார்கள். அவளுடைய வீட்டுக்குள் அவளைக் கேட்காமல் ஆட்கள் நுழைந்தார்கள், அவளுடைய கழிப்பறையைப் பயன்படுத்தினார்கள், ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டிவையுங்கள் என்றார்கள். ஒருவரும் காபி வேண்டுமா என்று அவளைக் கேட்க விட்டதில்லை, அவர்களே கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அந்தக் கூட்டத்தை எனக்குத் தெரியும். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த முதல் மூன்று வாரமும் கிரிக்ஸ் யாரையும் அடிக்கவில்லை. அடிக்க முடியவில்லை. தப்பாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்து அவர் கை மேஜைமேல் இருந்த ரூல்தடியிடம் போகும். விரல் மடங்கும். தடி மேஜையை விட்டு எழும்பாது. சட்டம் செத்தவர்களையும் கட்டுப்படுத்துமா என்று ருக்மிணியின் கணவர் தன் விசா வக்கீலிடம் விசாரித்திருக்கிறார், வக்கீல் இது இமிக்ரேஷன் விஷயம் இல்லை என்று சொல்லிவிட்டார். அப்படியே விட்டிருந்தால் பிள்ளைகள் இருநூறு விதிகளை மனப்பாடம் செய்துவிட்டு மறந்தும் போயிருப்பார்கள். வேறு எந்த ஊர்க்காரன் வீட்டிலும் அப்படித்தான் முடிந்திருக்கும்.

அக்டோபர் ஐந்தாம் தேதி விஜயதசமி வந்தது. குருவுக்கு மரியாதை செய்யாமல் படிப்பு ஏறாது என்று ருக்மிணி சொல்ல, பெற்றோர்கள் அத்தனை பேரும் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், கோட்டுக்கு மேலே போட்டுக்கொள்ள ஒரு சால்வை எல்லாம் எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட்டுக்கு இறங்கினார்கள். கிரிக்ஸ் தேங்காயை அருவருப்போடு பார்த்தார். நாற்பது பிள்ளைகளும் அவருக்கு முன்னால் கார்ப்பெட்டில் விழுந்து எழுந்தார்கள். வீட்டுக்காரன் என்ற முறையில் மதன் இரண்டு வார்த்தை பேச வேண்டியதாயிற்று. கோபிச்செட்டிபாளையத்தில் அவனுடைய அப்பா அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியாரிடம் ஒரு வாசகம் சொன்னார். கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் தோலை உரிச்சுப்போடுங்க சார். எல்லாத் தமிழ் அப்பாக்களும் எல்லா வாத்தியார்களிடமும் சொன்னதுதான். யாரும் அதை நினைத்துச் சொல்வதில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்பது மாதிரி ஒரு வாய் வழக்கம். மதன் சிரித்த முகத்தோடு, கைகளைக் கட்டிக்கொண்டு, அதை இங்கிலீஷில் சொன்னான்.

“சார், லீவ் ஒன்லி தி ஐஸ். ரெஸ்ட் யூ கேன் பீல் தி ஸ்கின். ஃபுல் பெர்மிஷன்.”

மற்ற அப்பாக்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். கிரிக்ஸின் முகத்தில் அதுவரை யாரும் பார்க்காத ஒரு நிறம் வந்தது. நூற்று ஐம்பத்தைந்து வருஷமாக ஒரு தகப்பன் வாயிலிருந்து அந்த அனுமதிக்காகத்தான் அவர் காத்திருந்திருக்கிறார். கையை நீட்டினார், ரூல்தடி இறகு மாதிரி எழும்பி வந்தது. படியேறிக்கொண்டிருந்த பெற்றோர்களுக்கு முதல் அடியின் சத்தம் கேட்டது. தேங்காய் உடைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் அடி. கண்களை மட்டும் அவர் தொடவில்லை, அந்த விஷயத்தில் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டார். உள்ளங்கை சிவந்து வீங்கும். ஆனால் பேஸ்மென்ட்டின் பதின்மூன்று படிகளை ஏறி மேல் கதவைத் தாண்டினதும் சிவப்பு மறைந்து, வீக்கம் வற்றி, கை பழையபடி ஆகிவிடும். அதனால் பள்ளிக்கூடத்து நர்ஸுக்கு எதுவும் தெரியவில்லை. பெற்றோர்களுக்குத் தெரிந்தது, பிள்ளைகள் சொன்னார்கள். தழும்பு இருக்கா, இல்லையே, அப்புறம் என்ன என்று கேட்டார்கள். நாங்கள் வாங்காத அடியா என்றார்கள். டிசம்பர் மாதத்துக்குள் தீக்ஷா எழுபது விதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள், ருக்மிணி அதை வீடியோ எடுத்து சென்னைக்கு அனுப்பினாள். அங்கிருந்து கைதட்டும் பொம்மைகள் வந்தன.

கயலும் வரிசையில் முதல் இடத்தில்தான் நின்றாள். கெட்டிக்காரி. அதுவரை, தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை. இப்போது எதில் கேட்டாலும் பதில் இல்லை. ஜனவரியில் ஒருநாள் வான்மதி ரசத்துக்குப் பொடி எடுக்க மேல் அலமாரியை நோக்கிக் கையைத் தூக்கினாள். பக்கத்தில் நின்றிருந்த கயலின் வலது கை தானாக நீண்டது. உள்ளங்கை மேலே பார்த்தது. கண்கள் இறுக மூடிக்கொண்டன. வான்மதி பொடி டப்பாவோடு அப்படியே நின்றாள். கயல் கண்ணைத் திறந்து, தன் கையை யாருடையதோ என்பது போலப் பார்த்து, மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வான்மதி பலமுறை வேண்டுமென்றே கையைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அந்தக் கை நீண்டது.

அவள் மதனிடம் சொன்னாள். மதன், ஹேபிட்தானே, போயிடும் என்றான். அவள் பேஸ்மென்ட் கதவைப் பூட்டினாள். நாலரை மணிக்கு நாற்பது பிள்ளைகளும் கீழே பெஞ்சுகளில் இருந்தார்கள், பூட்டு பூட்டினபடியே இருந்தது. அப்பாக்கள் கொடுத்த அனுமதிக்குக் கதவு ஒரு பொருட்டாக இல்லை. இரண்டு ஆட்களை வைத்து பெஞ்சுகளை அறுத்துப் பெரிய குப்பை எடுக்கும் நாளில் வீதியோரம் போட்டாள், லாரி வந்து எடுத்துக்கொண்டும் போனது. திரும்பி வந்து பார்த்தால் பெஞ்சுகள் கீழே இருந்தன, ஈரமாக. போலீஸைக் கூப்பிட்டாள். வந்தவர் ஆளின் பிறந்த தேதி கேட்டார். கணினியில் அந்த வருஷத்தை அடிக்க இடமில்லை என்று சொல்லி வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார். கடைசியில் நேராகக் கிரிக்ஸ் முன்னால் போய் நின்று, ஸ்டாப் திஸ் என்றாள். அவர் அவளை ஊடுருவிப் பின்னால் இருந்த வாஷிங் மெஷினைப் பார்த்தார். அவர் காலத்தில் பள்ளிக்கூட விஷயத்தில் அம்மாக்கள் பேச வழக்கமில்லை. பெற்றோர்களும் சும்மா இருக்கவில்லை. குழுவில் ருக்மிணி, சிலருக்குத் தாங்களும் முன்னேறத் தெரியாது, அடுத்தவர் பிள்ளை முன்னேறினாலும் பிடிக்காது என்று பெயர் போடாமல் எழுதினாள். முப்பத்தெட்டு பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அதில் ஒரு விரல் மதனுடையது.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. புத்தகத்தில் இருந்த தப்பு வாக்கியங்கள் பிப்ரவரியில் தீர்ந்துபோயின. அந்த வீடுகளில் மேலேயும் கீழேயும் காற்று போவதற்குத் தகரக் குழாய்கள் ஓடும், அறைக்கு அறை தரையில் கம்பி போட்ட துவாரம் இருக்கும். சமையலறைத் துவாரத்தின் மறுமுனை கிரிக்ஸின் மேஜைக்கு நேர் மேலே இருந்தது. வான்மதி சமையலறையில் நின்றுதான் எல்லாருக்கும் போன் செய்வாள். இன்ஷூரன்ஸுக்கு, கரென்ட் ஆபீஸுக்கு, பல் டாக்டருக்கு. அவள் பேசின வாக்கியம் ஒன்று குழாய் வழியாக இறங்கி வரும், கிரிக்ஸ் அதைப் பலகையில் எழுதுவார், பிள்ளைகள் திருத்துவார்கள். அதற்குத்தான் அந்த வகுப்பில் சிரிக்க அனுமதி உண்டு. நாற்பது பிள்ளைகள் சிரிப்பார்கள். என்ன சிரிப்பு என்று மேலே இருந்தவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். பள்ளி விட்டு வந்து வகுப்புக்கு இறங்கும் முன் கயல் சமையலறைத் துவாரத்தின் மேல் ஒரு தலையணையைப் போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் இரண்டு தலையணை. அம்மா போனை எடுத்தால் ஓடிவந்து, “அம்மா, டோன்ட் டாக். ப்ளீஸ். நாட் நவ்” என்றாள்.

வான்மதி அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டாள். “என்ற இங்கிலீசு உனக்கு அசிங்கமா இருக்குதா கண்ணு? வெளிய கேட்டறக் கூடாதுன்னு தலகாணி போட்டு மூடறயா?”

கயலின் கை நீண்டது, ஏனென்றால் வான்மதி பேசும்போது கையைத் தூக்கிவிட்டாள். அன்றைக்கு வான்மதி இரண்டு தலையணைகளையும் எடுத்துக் குளியலறையில் எறிந்தாள். பெற்ற மகளிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தான் செய்ததில் இது ஒன்றைத்தான் இன்றைக்கும் அவளால் பொறுக்க முடியவில்லை.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை. கயலின் கையைக் காட்டக் குழந்தை டாக்டரிடம் இரண்டாம் முறை போனபோதும், எலும்பும் நரம்பும் சரியாக இருக்கின்றன என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வான்மதி ஸ்பெஷலிஸ்ட் ஆபீஸுக்கு போன் செய்து, காத்திருந்து, யாரோ எடுத்ததும் உரக்கப் பேசினாள். “மை டாட்டர் ஹேண்ட் இஸ் நாட் ஓகே. டாக்டர் இஸ் டெல்லிங் நத்திங் இஸ் தேர். ஐ ஆம் மதர், ஐ ஆம் ஸீயிங் டெய்லி.” அவர்கள் மே மாதத்தில் ஒரு தேதி கொடுத்தார்கள். போனை வைத்தாள். வீடு அமைதியாக இருந்தது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அப்போதுதான் நின்றிருந்ததால் குழாயில் காற்றுச் சத்தம் இல்லை. காலடியில் இருந்த துவாரத்திலிருந்து, அவள் இப்போது சொன்ன அதே வார்த்தைகளைக் கிரிக்ஸின் குரல் ஒவ்வொன்றாக நிறுத்திப் படித்தது. சிரிப்பு எழுந்தது. வான்மதி தரையில் மண்டியிட்டுக் கம்பியில் காதை வைத்தாள்.

முதல் இடம் எழுந்து பிழைகளைச் சொல்லட்டும் என்றார் கிரிக்ஸ்.

“தேர் இஸ் நோ மிஸ்டேக், சார்.” கயலின் குரல்.

அடி விழுந்தது. மறுபடி கேட்டார்.

“நோ மிஸ்டேக், சார்.”

அடி. மூன்றாவது தடவையும் பதில் மாறவில்லை. அடி. இந்தக் கேள்வி இந்த மாதம் தினமும் நடந்துவருகிறது, நீயும் தினமும் கடைசி பெஞ்சுக்குப் போய் மறுநாள் விதி ஒப்பித்து முன்னால் வருகிறாய், வெட்கமில்லையா என்று கிரிக்ஸ் கேட்டார். கயல் அதற்கும் நோ சார் என்றாள்.

வான்மதி படியில் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. பதின்மூன்று படிகளில் நான்கில்தான் கால் பட்டது என்று தீக்ஷா சொல்கிறாள். சாக்பீஸ் கோட்டைத் தாண்டிப் போய், கிரிக்ஸின் கையிலிருந்து ரூல்தடியைப் பிடுங்கினாள். செத்தவர் கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்க முடியும் என்பது அவளுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது.

“என்ற புள்ளயவாடா அடிக்கறே?” என்று தடியை ஓங்கினாள்.

கிரிக்ஸின் வலது கை தானாக நீண்டது. உள்ளங்கை மேலே பார்த்தது. கண்கள் இறுக மூடிக்கொண்டன. அந்த உள்ளங்கையில் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய தழும்புகள். அவை அவர் பையனாக இருந்தபோது, இதே விதிகளுக்காக, வேறொரு கிரிக்ஸிடம் வாங்கினவை. இந்த இடத்தில் வான்மதியின் மனம் இளகிற்று என்று எழுத எனக்கும் ஆசைதான். இளகவில்லை. அடித்தாள். நன்றாக அடித்தாள். எத்தனை அடி என்பதில் பிள்ளைகளுக்குள் ஒற்றுமை இல்லை, தீக்ஷா ஏழு என்கிறாள், ஆர்யன் என்ற பையன் இருபதுக்கு மேல் என்கிறான். ஒவ்வொரு அடிக்கும் கிரிக்ஸ் எஸ் சார், எஸ் சார் என்றார். முடிந்ததும் யாரும் சொல்லாமலே நடந்து போய்க் கடைசி பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தார். அடி வாங்கினவர்களின் இடம் அது.

வான்மதி தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நாற்பது பிள்ளைகளையும் பார்த்தாள். “எல்லாரும் வூட்டுக்குப் போங்க சாமி” என்றாள். அந்தத் தமிழ் எல்லாருக்கும் புரிந்தது. கயல் அவள் பின்னாலேயே படியேறி வந்து, “தட் வாஸ் ஸோ எம்பாரஸிங், அம்மா” என்றாள். அம்மாவின் குர்த்தா நுனியை விடவில்லை.

அன்று மாலையே வாசலில் கூட்டம் கூடியது. நல்ல ஒரு டீச்சரைக் கெடுத்துவிட்டாயே, இன்னும் அறுபது விதி பாக்கி இருந்ததே என்று ருக்மிணி அழுதாள். நிஜமாகவே அழுதாள், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. வான்மதி கதவுக்கு வெளியே வந்து, தடியைக் காட்டி, “யாருக்கு வேணும்?” என்று கேட்டாள். கலைந்து போனார்கள். அடுத்த வாரம் எல்லாரும் வெஸ்ட் வின்ட்சரில் உயிரோடு இருக்கிற ஒருவரிடம் கணக்கு வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள். மதனை அவள் கீழே கூட்டிப்போய், அன்று சொன்ன வாசகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று கிரிக்ஸ் முன்னால் சொல்லவைத்தாள். சொன்னான். அதற்குப் பிறகும் எட்டு மாதம் அவனோடு சாதம் வைக்க, கரண்டி எடுக்க மட்டும்தான் பேசினாள். எங்கப்பா சொன்னதைத்தானே சொன்னேன் என்று ஒருமுறை வாயைத் திறந்தான். மறுமுறை திறக்கவில்லை.

பிள்ளைகளின் கைகள் சரியாகவில்லை. மான்மவுத் ஜங்ஷனில் இன்றைக்கும் நாற்பது பிள்ளைகள் அப்படி இருக்கிறார்கள். யாராவது கையைத் தூக்கினால் இவர்கள் கை நீளும். பஸ்ஸை நிறுத்தக் கை காட்டினாலும் நீளும், பாஸ்கெட்பால் ஹூப்பில் பந்து போடக் கை உயர்த்தினாலும் நீளும். டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள், ஊர் பழகிவிட்டது.

வான்மதி முதல் மாதம் கையைத் தூக்காமலே சமைத்துப் பார்த்தாள். முக்காலி போட்டு ஏறினாள். ஒருநாள் மறந்துபோய் முறுக்கு டின்னுக்குக் கையைத் தூக்கிவிட்டாள். கயலின் கை நீண்டது, கண் மூடியது. வான்மதி என்ன செய்வது என்று தெரியாமல் அந்த உள்ளங்கையில் ஒரு முறுக்கை வைத்தாள். கயல் கண்ணைத் திறந்து பார்த்தாள். தின்றாள். அதிலிருந்து அந்த வீட்டில் அதுவே வழக்கமாகிவிட்டது. கை நீண்டால் ஏதாவது வைப்பார்கள். முந்திரிப்பருப்பு, கறிவேப்பிலைக் கொத்து, கார்ச் சாவி, எதுவும் அகப்படாவிட்டால் வான்மதியின் சொந்தக் கை. இப்போது கயலுக்குப் பன்னிரண்டு வயது. கை இன்னும் நீள்கிறது. கண்ணை மட்டும் அவள் மூடுவதில்லை, என்ன வருகிறது என்று பார்க்கிறாள்.

கிரிக்ஸ் எங்கேயும் போகவில்லை. பேஸ்மென்ட்டில் கடைசி பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருக்கிறார். மதன் ப்ரொஜெக்டரை மேல் அறையில் மாட்டிக்கொண்டான். ரூல்தடி டிரையரின் மேல் கிடக்கிறது, சாக்ஸ் பின்னால் விழுந்தால் தள்ளி எடுக்க உதவுகிறது. வாரத்துக்கு மூன்று நாள் வான்மதி துணிக்கூடையோடு கீழே இறங்கி, சோப்பு டப்பாவுக்காக மேல் தட்டை நோக்கிக் கையைத் தூக்குகிறாள். அந்த மூலையில் ஒரு கிழக் கை நீளுகிறது, கண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. அந்தக் கையில் அவள் எதையும் வைப்பதில்லை. மெஷினை ஓடவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு மேலே வருகிறாள்.